டிரெய்லர் சக்கரமும் பிரேக்கும்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

டிரெய்லருக்கு பிரேக் வேலை என்று பட்டறைக்கு வருகிற வண்டிகள் பலவற்றில் நான் பிரேக்கைத் தொடுவதே இல்லை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் திறந்து, அதைச் சுழலவிடுகிற பேரிங்கைச் சரிசெய்வேன், அல்லது வீல் நட்டுகளை இறுக்குவேன். பிரேக் தானே வழிக்கு வந்துவிடும். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புக் கிண்ணம் டிரம்; உள்ளிருந்து அதை அழுத்தி நிறுத்துகிற வளைந்த கட்டை பிரேக் ஷூ. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டிரம் ஹப்பில் உட்கார்ந்திருக்கிறது, ஹப் பேரிங்கில் ஓடுகிறது. பேரிங் ஆடினால் டிரம்மும் ஆடும். ஆடுகிற டிரம்முக்கு எந்தக் கொம்பனாலும் பிரேக் வைக்க முடியாது. ஆகவே கீழே எந்தக் கோளாறைப் படித்தாலும், முதலில் சக்கரம், பிறகுதான் பிரேக் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

நான் இங்கே சொல்வது நம் பக்கத்தில் கரும்பும் நெல்லும் செங்கலும் ஏற்றுகிற இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லரைப் பற்றி. இவற்றில் நிறைய வண்டிகள் பழைய லாரியிலிருந்து கழற்றிய ஆக்ஸிலில்தான் ஓடுகின்றன. உள்ளே இரண்டு ஷூ, அவற்றை விரிக்கிற ‘எஸ்’ எழுத்து வடிவக் கேம், வெளியே கேமைத் திருப்புகிற கையான ஸ்லாக் அட்ஜஸ்டர். அதை இழுப்பது காற்றழுத்தத்தில் கம்பியைத் தள்ளுகிற சேம்பராக இருக்கலாம், ஹைட்ராலிக் சிலிண்டராக இருக்கலாம், வெறும் கை லிவரும் கம்பியுமாகவும் இருக்கலாம். இழுக்கிற கை மாறினாலும் டிரம்முக்குள் நடப்பது ஒன்றுதான்.

ஜாக்கி ஏற்றும் முன்

வண்டியைக் காலி செய்யுங்கள். சமதளமான, இறுகிய தரையில் நிறுத்துங்கள். டிராக்டரிலிருந்து டிரெய்லரைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் இரண்டு சக்கர வண்டி ஏற்றம்போல முன்னும் பின்னும் சாயும். டிராக்டரின் கை பிரேக்கைப் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே ஜாக்கி. ஜாக்கி ஆக்ஸிலுக்கு அடியில், வில்பட்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை அடுக்கு. செங்கல்லை அடுக்கிவிட்டு அடியில் படுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். செங்கல் உடைவதற்கு முன்னால் சத்தம் போட்டு எச்சரிக்காது.

இன்னொன்று. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். ஷூவின் மேல் பதித்திருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து எடுத்தால் போதும்.

ஒரு பக்க ஹப் மட்டும் சுடுகிறது

மிக அதிகமாக வருகிற கோளாறு இது. ஆட்கள் மிக அதிகமாகத் தவறு செய்வதும் இதில்தான். சுடுகிறது என்றதும் பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள். சூடு பேரிங்கிலிருந்து வந்திருந்தால், அன்று சாயங்காலம் பிரேக்கும் இருக்காது, பேரிங்கும் இருக்காது.

சூடு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில், பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, வேகத்தைக் கிளட்ச்சும் கியருமாகவே குறைத்து, தானாக நிற்க விடுங்கள். உடனே இறங்கிப் புறங்கையை ஹப் மூடிக்கு அருகில் கொண்டு போங்கள். பிறகு டிரம்மின் ஓரத்துக்கு. உள்ளங்கையால் தொடாதீர்கள், சுட்டால் ஒரு வாரம் வேலை கெடும். மூடி அதிகம் சுட்டால் பேரிங். டிரம் ஓரம் அதிகம் சுட்டால் ஷூ உரசிக்கொண்டே வருகிறது. நேரம் போகப் போக இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அதனால் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பயனில்லை. அடுத்த பக்கத்து ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் அது கோளாறே அல்ல.

பேரிங் என்று முடிவானால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஒரு கையை வில்பட்டையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேரிங் பட்டைக்கு எதையும் சொல்லாது. கெட்ட பேரிங்கின் கரகரப்பு, காதுக்கு எட்டாவிட்டாலும், பட்டை வழியாக விரலுக்கு வந்துவிடும்.

மூடியைக் கழற்றி, நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, முனையில் வெட்டுகள் உள்ள கேஸில் நட்டைத் திருப்பி எடுத்து, ஹப்பை வெளியே இழுங்கள். வெளிப் பேரிங் சிறியது, உள் பேரிங் பெரியது. இரண்டும் கூம்பு உருளைப் பேரிங்குகள், ஒன்றையொன்று எதிர்நோக்கி உட்காரும். முதலில் கிரீஸைப் பாருங்கள். தேன் நிறமோ கரும்பழுப்போ நல்லது. பால் கலந்த டீயைப்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; சேற்று வயலில் ஹப் மூழ்க மூழ்க ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். விரலில் எடுத்துத் தேய்க்கும்போது மினுமினுப்பாக ஏதாவது தெரிந்தால் அது பேரிங்கின் இரும்பு.

பிறகு உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பான வெள்ளி நிறம் இருக்க வேண்டும். வைக்கோல் நிறமாக மாறியிருந்தால் சூடு பட்டிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் எஃகின் வலு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள். வெளி வளையத்துக்குள் நகத்தை ஓட்டுங்கள். உருளைகளின் இடைவெளிக்கு ஒரு கோடு வீதம் நகத்தில் தட்டுப்பட்டால், பாரத்தோடு குழியில் இறங்கி இறங்கி அடி வாங்கிய பேரிங் அது. உள் கூம்பை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய வெளி வளையத்தை ஹப்பிலேயே விட்டுவிடுகிற கஞ்சத்தனம் வேண்டாம். வளையமும் கூம்பும் சேர்ந்துதான் ஒரு பேரிங்.

கடைக்குப் போகும்போது பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 32211 என்றால் 55 மில்லிமீட்டர். 30208 என்றால் 40. எண் அழிந்துபோயிருந்தால் ஆக்ஸில் முனையை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஆனால் வெளி விட்டத்தையும் தடிமனையும் சேர்த்து அளந்துகொண்டு போங்கள், ஒரே துளைக்குப் பல வரிசைப் பேரிங்குகள் உண்டு.

கிரீஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிராக்டரோடு இணைக்கிற கொண்டிக்கும் வில்பட்டைப் பின்னுக்கும் அடிக்கிற சேசிஸ் கிரீஸை ஹப்பில் வைக்கக் கூடாது. சுண்ணாம்புச் சோப்பில் செய்த அந்த கிரீஸ் 100 டிகிரிக்கு அருகிலேயே உருகி ஒழுகிவிடும். லித்தியம் கிரீஸ் 180 டிகிரி வரை உருகாது. கடையில் வீல் பேரிங் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டை எடுத்து, பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் புழுபோல கிரீஸ் வெளியே வரும்வரை திணிக்க வேண்டும். ஹப்பின் குழியை அதேபோல் நிரப்பிவிடாதீர்கள், பாதி போதும். முழுக்க நிரப்பினால் சூட்டில் விரிந்து, கிரீஸை அடைத்து வைக்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு நேராக லைனிங்குக்குப் போய்விடும்.

இனி நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேஸில் நட்டை இறுக்குங்கள், சுற்றுவது கனக்கும்வரை. சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராமல் பொய்யான இறுக்கம் காட்டும். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, ஸ்பேனர் இல்லாமல் வெறும் விரலால் தொடும்வரை மறுபடி திருகுங்கள். அங்கிருந்து பின்னோக்கி, அருகில் இருக்கும் ஸ்பிளிட் பின் துளைக்கு வந்து நில்லுங்கள். முன்னோக்கிப் போகாதீர்கள். வேண்டிய ஆட்டம் 0.1 மில்லிமீட்டர் அளவு, நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமன். டயரின் உச்சியைப் பிடித்து ஆட்டும்போது ‘இருக்கிறதா இல்லையா’ என்று சந்தேகம் வருகிற அளவுதான் அது.

ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், இரவு நேரத்தில் பின் கிடைக்கவில்லை என்று ஒரு ஆணியை வளைத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் அதே டிராக்டரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு வலப்பக்கமாக ஒரு சக்கரம் தனியாக உருண்டு, எங்களை முந்திக்கொண்டு போய் வாய்க்காலில் இறங்கியது. “அண்ணே, யார் சக்கரமோ போகிறது” என்றார் ஓட்டுநர். அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரெய்லர் சாய்ந்து, ஆக்ஸில் முனை தாரைக் கீறிக்கொண்டு நின்றது. ஏற்றியிருந்தது வைக்கோல் என்பதால் பிழைத்தோம்.

சக்கரத்தை ஆட்டினால் ‘டக் டக்’ என்கிறது

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது எங்கே என்று பார்க்க, இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு டிரம்முக்கும் பின்தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். இடுக்கு திறந்து மூடினால் பேரிங். மேலே சொன்னதைச் செய்யுங்கள். இடுக்கு அசையாமல் ரிம் மட்டும் அசைந்தால் வீல் நட்டு தளர்ந்திருக்கிறது. இரண்டும் அசையாமல் ஆக்ஸிலோடு சேர்ந்து எல்லாம் அசைந்தால் ஆக்ஸிலை வில்பட்டையோடு கட்டுகிற யு போல்ட்டையோ வில்பட்டையின் பின்னையோ பாருங்கள்.

வீல் நட்டு அடிக்கடி தளர்கிறது

தளர்ந்த நட்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். நட்டைச் சுற்றி ரிம்மில் துருநிறக் கோடுகள் ஓடியிருக்கும். மழையில் நனைந்த சுவரில் ஆணியிலிருந்து ஒழுகுவதுபோல.

இறுக்கம் போதாததுதான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பெயின்ட். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ டிரெய்லருக்குப் புது வர்ணம் அடிக்கும்போது, ரிம்மின் உட்புறத்திலும் ஹப் முகத்திலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். இரண்டு இரும்புக்கு நடுவே பெயின்ட் படலம் இருந்தால் ஓட்டத்தில் நசுங்கித் தூளாகும். அந்தத் தடிமன் அளவுக்கு நட்டு தளரும். உட்காரும் முகங்கள் இரண்டையும் கம்பி பிரஷால் இரும்பு தெரியத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

அடுத்தது பொருந்தாத நட்டு. கூம்பு முனை நட்டுக்கு ரிம் துளையிலும் கூம்புச் சரிவு இருக்க வேண்டும். தட்டை நட்டைக் கொண்டுபோய்ச் சரிவுத் துளையில் இறுக்கினால் விளிம்பில் மட்டும் பிடிக்கும். துளையே நீள்வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தால் அந்த ரிம் இனி உதவாது. வெல்டு வைத்துத் துளையை அடைக்கிற வேலையை நான் செய்வதில்லை, எத்தனை முறை கேட்டாலும்.

இறுக்குவது எதிரெதிர் வரிசையில்: ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது. முதல் சுற்றில் பாதி இறுக்கம், சக்கரத்தைத் தரையில் இறக்கியபின் முழு இறுக்கம். எவ்வளவு என்பதை ஆக்ஸில் செய்தவர்கள் சொன்ன அளவே சட்டம். ஒரு மீட்டர் நீளப் பிடியின் முனையில் 30 கிலோ எடையை ஊன்றினால் ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் வரும். கைக்கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பழகலாம். பிடியில் ஏறிக் குதிப்பது இறுக்கம் ஆகாது. நட்டு ஏறுகிற ஸ்டட் இழுபட்டு, பின்னொரு நாள் நடுச்சாலையில் முறியும்.

பழைய லாரி ஆக்ஸில்கள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை இருக்கும். கழற்ற முயன்று இறுக்கிக்கொண்டே போவதற்கு முன், ஸ்டட் முனையில் ஏதாவது எழுத்துக்குறி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

லிவரை முழுக்க இழுத்தும் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கிறது

சக்கரம் சரி, பேரிங் சரி, நட்டு சரி என்றான பிறகுதான் இங்கே வர வேண்டும். லைனிங் தேயத் தேய ஷூ டிரம்மைத் தொடுவதற்குப் போக வேண்டிய தூரம் கூடுகிறது. இழுக்கிற தூரம் முழுவதும் அந்தத் தூரத்தைக் கடப்பதிலேயே செலவாகி, அழுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

காற்று பிரேக் என்றால் முதலில் தள்ளுகம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்துவிடுங்கள். பிரேக் போடாதபோது கம்பியில் சேம்பரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. போட்டபின் இன்னொரு கோடு. 30ஆம் எண் சேம்பரில் இடைவெளி 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 24ஆம் எண்ணில் 44. அதற்கு மேல் போனால் அழுத்தம் சரியத் தொடங்கும். முழுதும் பிரேக் போட்ட நிலையில் தள்ளுகம்பியும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். கோணம் மிகவும் சாய்ந்திருந்தால் எவ்வளவு காற்றடித்தாலும் பாதி பலன்தான்.

சரிசெய்வது சுலபம். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஸ்லாக் அட்ஜஸ்டரின் அறுகோணத் தலையை ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்வரை திருப்புங்கள். சக்கரம் கையால் சுற்ற வராது. அங்கிருந்து பின்னோக்கிக் கால் சுற்று, தேவைப்பட்டால் அரைச் சுற்று. சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். லேசான ஒரு ‘சர்’ ஒலி எங்காவது கேட்டால் தவறில்லை. தலையைத் திருப்பும்போது கேம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: பிரேக் போடும்போது போகிற அதே திசையில் போனால்தான் இறுக்குகிறீர்கள். இடப்பக்கத்தில் செய்ததையே வலப்பக்கத்திலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிசெய்து அனுப்பினால், ‘நேற்றுவரை பிடிக்கவில்லை, இன்று இழுக்கிறது’ என்று மறுநாளே திரும்பி வருவார்கள்.

திருப்பத் திருப்ப அட்ஜஸ்டர் போய்க்கொண்டே இருந்தால் லைனிங் தீர்ந்துவிட்டது. டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் 1.5 மில்லிமீட்டர் கூட இல்லையென்றால் மாற்றும் நேரம். விட்டுவைத்தால் லைனிங்கும் டிரம்மும் தேய்ந்து, கேம் முனை ஷூ நுனியில் இருக்கும் உருளையைத் தாண்டிப் புரண்டுவிடும். புரண்டால் ஒன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும், இல்லையேல் பிரேக்கே இருக்காது; எது என்று வண்டிதான் முடிவு செய்யும்.

கை லிவரும் கம்பியும் உள்ள வண்டிகளில் கம்பியின் தொய்வையும், ஒவ்வொரு மூட்டுப் பின்னின் தேய்மானத்தையும் பாருங்கள். ஐந்து மூட்டில் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் இழுவை வழியிலேயே கரைந்துவிட்டது.

ஹைட்ராலிக் பிரேக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும். டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயில் ஓடும் சிலிண்டருக்குள் கார் பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள். அதற்கு எதிரானதையும் செய்யாதீர்கள். ரப்பர் சீல் வீங்கிக் கூழாகிவிடும். எந்த எண்ணெய்க்குச் செய்த சிலிண்டர் என்று தெரியாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

டிரெய்லருக்கு அடியில் நுழைவதற்கு முன் டிராக்டரின் பிரேக் பெடல்களைப் பாருங்கள். டிராக்டருக்கு இடம் வலம் என்று இரண்டு பெடல். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனி. சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்க்கிற தாழ்ப்பாள் ஒன்று பெடலிலேயே இருக்கிறது. அதைப் போடாமல் வந்துவிட்டு, ‘டிரெய்லர் இழுக்கிறது’ என்று என்னிடம் வந்தவர்களை எண்ணி முடியாது. தாழ்ப்பாளைப் போட்டும் இழுத்தால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் உங்கள் வேலை டிராக்டரில்.

டிரெய்லர்தான் என்றால், இழுக்கிற பக்கத்தில் பிரேக் நன்றாக இருக்கிறது. கோளாறு எதிர்ப்பக்கத்தில். அந்தப் பக்கத்து டிரம்மைத் திறந்தால் பெரும்பாலும் லைனிங் கறுத்து, கிரீஸில் ஊறி, எண்ணெய்ப் பலகாரம்போல் மின்னும். பெட்ரோலில் கழுவி, மணற்காகிதம் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பிடிக்கும். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். ஷூவை மாற்றத்தான் வேண்டும், அதுவும் ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்து. அதற்கு முன் சீலை மாற்றுங்கள். அதன் உதடு கிரீஸைப் பார்த்தபடி உள்நோக்கி இருக்க வேண்டும். புதுச் சீலும் ஒழுகினால் ஆக்ஸிலில் சீல் ஓடுகிற இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் லேத் பட்டறை வேலை.

இழுப்பதைவிட ஆபத்தானது தள்ளுவது. டிராக்டர் நின்றுவிட, பின்னால் டிரெய்லர் நிற்காமல் வந்து டிராக்டரின் பின்பக்கத்தை ஒருபுறமாகத் தள்ளிக் கத்தரிபோல் மடக்கிவிடும். டிரெய்லர் பிரேக் டிராக்டர் பிரேக்குக்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் பிடிக்கும்படி வைப்பதுதான் இதற்கு மருந்து. ஓட்டுநருக்குக் கொண்டியில் லேசாகப் பின்னிழுப்பது தெரிய வேண்டும். முதுகில் முட்டுவது தெரியக் கூடாது.

பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் விடுவதில்லை

இரவு மழையில் நின்ற வண்டி என்றால் லைனிங் துருவோடு டிரம்மில் ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் ஒரு ‘டக்’ சத்தத்தோடு விடுபடும். அறுவடைக்குப் பிறகு மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டிக்கு பிரேக் போட்டு நிறுத்தாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

ஓட ஓடப் பிடித்துக்கொண்டு புகைந்தால் பார்க்க வேண்டியவை மூன்று: ஷூக்களை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் நீண்டுவிட்டதா, கேம் தண்டைத் தாங்குகிற புஷ் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, கை பிரேக் கம்பியைத் தேவைக்கு மேல் முறுக்கி வைத்திருக்கிறீர்களா. மூன்றில் நடுவில் சொன்னதுதான் அதிகம். கேம் தண்டுக்கு கிரீஸ் நிப்பிள் இருப்பதே சிலருக்குத் தெரியாது, சேற்றுக்கு அடியில் கிடக்கும். இரண்டு மூன்று அடி போதும். அளவு மீறினால் அந்த கிரீஸும் லைனிங்குக்குத்தான் போகும். ஹைட்ராலிக் என்றால் இணைப்புக் குழாயின் கப்ளர் அரைகுறையாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் போகும், திரும்பி வராது.

புகைந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பிரேக் போடும்போது விட்டுவிட்டுப் பிடிக்கிறது, அல்லது கிறீச்சிடுகிறது

விட்டுவிட்டுப் பிடிப்பது வட்டம் கெட்ட டிரம். அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் சந்தேகமே இல்லை. லேத்தில் கடையலாம், ஆனால் டிரம்மின் ஓரத்தில் வார்த்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு. கிறீச்சென்ற இரும்புச் சத்தம் என்றால் ரிவெட் டிரம்மைச் சுரண்டுகிறது. உடனே நிறுத்துங்கள். நான்கு நாள் தள்ளிப்போட்டால் லைனிங் செலவோடு டிரம் செலவும் சேரும்.

டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, வண்டி கோணலாக வருகிறது

உள் விளிம்பு மட்டும் தேய்ந்தால் ஆக்ஸில் பாரத்தில் வளைந்திருக்கிறது. நடுப்பகுதி கீழே தொய்ந்து, சக்கரங்களின் உச்சி ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பாரம் ஏற்றிய வண்டியைத் தூரத்தில் நின்று பின்பக்கமாகப் பார்த்தாலே தெரியும். காலி வண்டியிலும் அப்படியே நின்றால் நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு டயரும் ஒரே பக்கமாகச் செதில் செதிலாகத் தேய்ந்து, தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் சொரசொரப்புமாக இருந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. அளக்க ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும். ஹப் உயரத்தில் இரண்டு டயரின் முன்பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அளந்துகொள்ளுங்கள். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, அதே கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஆக்ஸிலைக் கழற்றி நிமிர்த்த வேண்டியதுதான்.

வண்டி டிராக்டருக்குப் பின்னால் நாய் ஓடுவதுபோல் கோணலாக வந்தால், கொண்டி வளையத்தின் மையத்திலிருந்து இடது ஹப் மையத்துக்கும் வலது ஹப் மையத்துக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. யு போல்ட் தளர்ந்து வில்பட்டையின் சென்டர் போல்ட் முறிவதுதான் வழக்கமான கதை. சென்டர் போல்ட்டை மாற்றினால் விலை சில ரூபாய்தான். அது முறிந்த பிறகும் ஓட்டிய வண்டியில் இரண்டு டயரைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

காலியில் பிடிக்கிறது, பாரத்தில் நிற்பதில்லை

சில நேரம் இது கோளாறே அல்ல, கணக்கு. 15 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டியதைப்போல 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். டிராக்டரும் பாரமுமாக 9 டன் எடை, பத்தடிக்கு ஓரடி இறங்குகிற சரிவில் நின்றால், சும்மா நிற்கும்போதே 900 கிலோ விசை கீழே இழுக்கிறது. ஏரிக்கரைச் சரிவு சின்னதுதானே என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இந்த 900 கிலோவைத் தங்கள் காலால் பிடிக்க நினைக்கிறார்கள். சரிவு தொடங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். பாதி வழியில் மாற்றப் போனால் கியர் விழாது, வண்டி ஓடும்.

லைனிங் கருகிய வாடை வந்தால் பிரேக் சூட்டில் சோர்ந்துவிட்டது. இறங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சேற்று வயலிலிருந்து ஏறியவுடன் பிடிக்காமல் போனால் டிரம்முக்குள் நீர். மெதுவாக ஓட்டியபடி லேசாக நான்கைந்து முறை பிரேக் போட்டால் உலர்ந்து பிடிக்கும்.

பூட்டி முடித்ததும்

காலி வண்டியை 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள், பிறகு 20இல். மண் சாலையில் நிறுத்தினால் இரண்டு சக்கரமும் இழுத்த தடத்தை இறங்கிப் பார்க்கலாம். ஒன்று நீளமாகவும் மற்றது இல்லாமலும் இருந்தால் மறுபடி அட்ஜஸ்டருக்கு. அதன் பிறகு பாதிப் பாரம், பிறகு முழுப் பாரம். ஒவ்வொரு நட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்து விடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். முதல் 20 கிலோமீட்டரில் ஒரு முறை, 50இல் ஒரு முறை ஸ்பேனர் போடுங்கள். ஆலை வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும்போது இதற்கு நிறைய நேரம் இருக்கும். ஒரு டார்ச் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.